வெட்டாத ஆப்பிள்

நிலாவுக்குப் போகிறவன் என்னென்ன அற்புதங்களைப் பார்ப்பான் என்று பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். மூன்று ஆண்பிள்ளைகள் ஒரே பெட்டிக்குள் நாள் கணக்கில் குளிக்காமல் கிடந்தால் என்ன வாடை வரும் என்று மட்டும் ஒருவனும் எழுதவில்லை. வெர்ன் கெஸ்லர் அந்த வாடைக்குள் மிதந்தபடிதான் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை ஓட்டிக்கொண்டிருந்தான்.

விண்கப்பலில் இருந்த ஜன்னல்கள் ஐந்து. மூன்றில் உள்பக்கம் பாசி பிடித்தது போலப் புகைமூட்டம். மிச்சம் இரண்டில் ஒன்று தலைவர் லைல் ஹாட்லிக்கு, இன்னொன்று கேமராவும் கையுமாக இருந்த ரஸ் பெல்ஹாமுக்கு. வழி பார்த்துச் சொல்கிற வெர்னுக்குக் கிடைத்தது ஒரு தொலைநோக்கியின் ஓட்டை. அதில் நட்சத்திரத்தைத் தேடுவதும் கணிப்பொறியில் எண்ணைத் தட்டுவதுமாகவே அவன் பொழுது போனது. இத்தனைக்கும் இது நிலாவில் இறங்குகிற பயணம்கூட இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வா, கால் வைக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்யாண வீட்டு வாசல் வரை போய், பிரியாணி வாசனையைப் பிடித்துவிட்டு வீடு திரும்புகிற கதை.

மூன்று பேரில் இளையவன் ரஸ். போட்டிருந்த உடுப்பின் பைக்குள் கையளவு ஜிகினாக் காகித மரம் ஒன்றை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்திருந்தான். அதை எடுத்து ஜன்னலோரம் ஒட்டப்போனான்.

"என்ன அது?" என்றார் லைல்.

"கிறிஸ்துமஸ் மரம், பாஸ்."

"இன்னிக்கு வேலைத் திட்டத்துல கிறிஸ்துமஸ்னு ஒரு வரி இருக்கா? இருந்தா காட்டு, நானே ஒட்டித் தர்றேன்."

ரஸ் வெர்னைப் பார்த்தான். வெர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லைலிடம் வாதாடி ஜெயித்தவர் அவரைப் பெற்ற தாய் மட்டும்தான் என்று விமானப்படையில் ஒரு பேச்சு உண்டு. அந்த அம்மாளும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மரம் மறுபடி பைக்குள் போனது.

பண்டிகைச் சாப்பாடு என்று தனியாக ஒரு பொட்டலம் வந்திருந்தது. பிரித்தால் பழக் கேக்காம். பல்லில் வைத்தால் சுவரில் பதிக்கிற ஓடு மாதிரி இருந்தது. குடிக்கிற தண்ணீரில் நீச்சல் குளத்து மருந்து வாடை. அந்தத் தண்ணீரில் எக்கச்சக்கமாய் வாயு வேறு கலந்திருந்ததால் மூன்று பேர் வயிறும் ஊதிப்போய், அதனால் பெட்டிக்குள் நடந்ததை இங்கே விவரிக்க வேண்டாம். "இதுக்கு எங்க அம்மா வீட்டு நாய்கூட வாலை ஆட்டாது" என்று கேக்கைத் தூக்கி எறிந்தான் வெர்ன். அது சுவரில் மோதி, மெல்லச் சுழன்று, அவன் மூக்குக்கே திரும்பி வந்தது.

இந்த லட்சணத்தில் உலகத்துக்கு வாழ்த்து வேறு சொல்ல வேண்டியிருந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு. கேமராவைப் பிடிக்கக் கை வேண்டும் என்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் மைக்கைத் தானாகத் திறக்கிற மாதிரி பொத்தானை மாற்றி வைப்பார்கள். வாயைத் திறந்தால் போதும், பேச்சு நேரே பூமிக்குப் போய்விடும். ஒளிபரப்பு முடிந்ததும் பொத்தானைப் பழையபடி மாற்ற வேண்டியது வெர்னின் பொறுப்பு.

லைல் கம்பீரமாக நாலு வார்த்தை பேசினார். ரஸ் தன் காதலிக்கு வெட்கத்தோடு கையசைத்தான். வெர்ன் சிரித்த முகமாக, "அல்பீனா, பசங்களா, சாப்பிட ஆரம்பிங்க. எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்றான். கேமரா அணைந்தது. லைல் தன் முறைத் தூக்கத்துக்காகப் படுக்கைப் பைக்குள் நுழைந்து கண்ணை மூடினார். வெர்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன தொலைநோக்கிக்குத் திரும்பினான். பொத்தான் போட்டது போட்டபடி இருந்தது.

"அடுத்த கிறிஸ்துமஸுக்காவது எல்லாரும் வீட்டுல இருப்போம்" என்றான் ரஸ்.

"நான் இருக்க மாட்டேன்."

"பின்ன?"

"கீழ இருப்பேன்."

"டெக்ஸாஸ்லதானே?"

"அட மக்கு. அதோ அந்தக் கீழ." வெர்ன் கட்டைவிரலால் ரஸ்ஸின் ஜன்னலைக் காட்டினான். சாம்பல் நிறத்தில் நிலா நழுவிப் போய்க்கொண்டிருந்தது. "கிளம்பறதுக்கு முந்தின வாரம் பெரியவர் ரூம்ல போய் நின்னேன். யாரை எதுல ஏத்தறதுன்னு அவர்தானே முடிவு பண்றார். இறங்குற வண்டில எனக்கு ஒரு இடம் வேணும்னேன். உன் பேரை வச்சாச்சு, போய்ட்டு வான்னுட்டார்."

ரஸ் விசிலடித்தான். "அல்பீனாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நான் இங்க இருப்பேனா? என் பெட்டி படுக்கை அன்னிக்கே வாசலுக்கு வந்திருக்கும். இதுதான் கடைசிப் பயணம்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டுல்ல வந்திருக்கேன்."

"அப்புறம் எப்படிச் சொல்லுவீங்க?"

"ஊர் திரும்புனா ஊர்வலம், பேண்டு வாத்தியம்னு ஒரு கூத்து நடக்கும்ல. அந்தக் குஷில மெதுவா அவிழ்த்துவிட வேண்டியதுதான். ஒரு வாரம் பேச மாட்டா. தட்டை நங்குன்னு வைப்பா. அப்புறம் சரியாயிடுவா. நாங்க குடித்தனம் பண்ண ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி, எனக்குத் தெரியாதா."

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தேவலை. நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும்?

"இப்ப அங்க ஆப்பிள் வெட்டிக்கிட்டிருப்பா" என்றான். "அவங்க தாத்தா செக் நாட்டுலேர்ந்து வந்தவரு. பண்டிகைக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டுல ஆப்பிளைக் குறுக்கால வெட்டணும். நடுவுல விதை நட்சத்திரம் மாதிரி வந்தா அடுத்த வருஷமும் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்களாம். சிலுவை மாதிரி வந்தா ஒரு ஆள் குறையுமாம். போன வருஷம் சிலுவை வந்துச்சுன்னு ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. அது புழு தின்ன ஆப்பிள்டா! புழு தின்னதுல நட்சத்திரம் எங்கேருந்து வரும்? இந்த மாதிரி ஒரு பைத்தியக்காரத்தனத்துக்காக நான் நிலாவை விடணுமாக்கும்."

ரஸ் சிரித்தான். வெர்னும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காதில் ஹூஸ்டன் தரை நிலையத்துக் குரல் வந்தது. மெர்ல் டக்கர். அவனும் விண்வெளி வீரன்தான். கப்பலோடு பேசுகிற உரிமை தரையில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அந்த நேரத்து முறை அவனுடையது.

"கப்பலுக்கு ஹூஸ்டன். உங்க மைக் பொத்தானைக் கொஞ்சம் பார்க்கிறீங்களா? ஒளிபரப்பு முடிஞ்சதுலேர்ந்து உங்க பேச்சு தெளிவா வந்துக்கிட்டிருக்கு." ஒரு சின்ன இடைவெளி. "ரொம்பத் தெளிவா."

வெர்ன் பொத்தானைப் பார்த்தான். பாய்ந்து அதைப் பழையபடி மாற்றினான்.

ஹூஸ்டனில் கேட்டால் போகட்டும், அது வேலை செய்கிற இடம். ஆனால் பறக்கிற ஒவ்வொருவன் வீட்டிலும் கூடத்தில் ஒரு பேச்சுப்பெட்டி வைத்திருப்பார்கள். கப்பலும் தரையும் பேசுவது அத்தனையும் அதில் ஒலிக்கும். கேட்க மட்டும்தான் முடியும், பதில் பேச முடியாது. இன்று அவன் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருப்பார்கள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மற்ற வீரர்களின் மனைவிமார்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாட்டோடு வந்திருப்பார்கள். எதிர்வீட்டு ஜோடி, சர்ச் பாதிரியார், அல்பீனாவின் அண்ணன் குடும்பம். வாசல் புல்தரையில் பத்திரிகைக்காரர்கள் கூட்டம். அத்தனை பேர் நடுவில் பெட்டி பேசியிருக்கிறது, அவன் குரலில், அவன் சிரிப்போடு. அல்பீனாவால் அதை அணைக்கத்தான் முடிந்திருக்கும். அவள் அணைத்திருக்க மாட்டாள்.

லைல் விழித்துக்கொண்டார். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

ரஸ் சொன்னான். லைல் முழுவதையும் கேட்டுவிட்டு, வெர்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "உன் வீட்டுச் சண்டை என் என்ஜினுக்குள்ள வரக் கூடாது."

அவர் பயம் நியாயமானது. கடைசிச் சுற்றில், நிலாவின் முதுகுப்பக்கம் இருக்கும்போது, அந்த என்ஜினைச் சரியாக எரித்தால்தான் வீடு. எரியாவிட்டால் நிலாவையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் போய்விட்டால் பூமியோடு பேச்சுவார்த்தையும் கிடையாது. தப்பென்றால் கேட்க ஆள் இல்லை. அதனால் என்ஜினுக்கான எண்களை ஹூஸ்டன் முன்கூட்டியே படித்துச் சொல்லும். கேட்டவன் ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். "திருப்பிச் சொன்னது சரி" என்று ஹூஸ்டன் சொன்ன பிறகுதான் அந்த எண் எண்ணாகும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. கடைக்குப் போகும்போது அல்பீனா, "பால், முட்டை, பாப்பா லோரிக்கு இருமல் மருந்து. திருப்பிச் சொல்லு" என்பாள். அவன் ஒப்பிப்பான். "திருப்பிச் சொன்னது சரி, போய்ட்டு வா" என்று முதுகில் ஒன்று வைப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன கோடையில் அவர்கள் தெருவிலேயே குடியிருந்த ஒருவன் பயிற்சி விமானத்தோடு எரிந்துபோனான். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கறுப்பு உடுப்பைக்கூட மாற்றாமல், அல்பீனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ அங்கே பாத்திரமே இல்லை, கழுவினதையே கழுவிக்கொண்டிருந்தாள். "இந்த நிலாப் பயணம் போய்ட்டு வா. அதுக்கு மேல என்னால முடியாது, வெர்ன். இதுதான் கடைசி. திருப்பிச் சொல்லு" என்றாள். "இதுதான் கடைசி" என்றான் அவன். "திருப்பிச் சொன்னது சரி" என்று சொல்லிக் குழாயை மூடினாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தையைத்தான் கிளம்புவதற்கு முந்தின வாரம் பெரியவர் அறையில் அவன் காற்றில் விட்டிருந்தான்.

பண்டிகைக்காக வீட்டுக்கு ஒரு சேதி என்று ஏற்பாடு இருந்தது. மனைவிமார் எழுதித் தருவதை மெர்ல் படித்துச் சொல்வான். அடுத்த முறை பூமி தெரிந்ததும் ஆரம்பித்தான். லைலின் மனைவி, கூரையில் ஒழுகுகிற இடத்தைத் தானே அடைத்துவிட்டதாகவும் தலைவர் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். லைல் முகத்தில் ஐந்து நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. ரஸ்ஸின் காதலி எழுதியதை மெர்ல் பாதியோடு நிறுத்தி, "மீதியை நீ வந்து வாங்கிக்க" என்றான்.

வெர்ன் காத்திருந்தான்.

"என்னோடது?"

கேள்வி போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல், பதில் வந்து சேர ஒரு நொடிக்கு மேல். எப்போதும் அந்த இடைவெளி இருந்ததுதான். இப்போது அவன் அதை எண்ணிக்கொண்டிருந்தான்.

"கெஸ்லர் வீட்டுச் சேதி இன்னும் வரலை, வெர்ன்."

"வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"அல்பீனா?"

"சமையல்கட்டுல இருக்காங்களாம்."

சமையல்கட்டில். கழுவினதைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். வெர்னுக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பெட்டிக்குள் எதையும் ஓங்கி வைக்கக்கூட முடியாது. வைத்தால் வைத்தவனே பின்னால் போவான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் உலகமே காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். கேட்காமல் இருந்தால் அவள் கணக்கில் அது இன்னொன்று. போன் போட வழியில்லை, வாசலில் போய் நிற்க வழியில்லை. உலகத்தில் எந்த மடையனும் பெண்டாட்டியிடமிருந்து இத்தனை தூரத்தில் மாட்டிக்கொண்டதில்லை.

இன்னொரு சுற்று சுற்றி வந்தார்கள். "சேதி இருக்கா?" "இல்லை." அதற்கடுத்த சுற்று. "இல்லை, வெர்ன்." ரஸ் ஒரு கேள்வி கேட்டதற்கு அவன்மேல் எரிந்து விழுந்தான். நட்சத்திரத்தின் எண்ணைத் தட்டும்போது ஒன்றுக்கு மற்றொன்றைத் தட்டி, கணிப்பொறி ஏற்க மறுத்து விளக்கைக் காட்டியது. லைல் திரும்பிப் பார்த்தார். நெற்றியை மட்டும் தேய்த்துக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று வெர்னுக்குத் தோன்றியது.

கடைசிச் சுற்று வந்தது. என்ஜினுக்கான எண்களை மெர்ல் படித்தான். வெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான்.

"திருப்பிச் சொன்னது சரி" என்றான் மெர்ல். அப்புறம் தொண்டையைச் செருமினான். "வெர்ன், உன் வீட்டுச் சேதி வந்திருக்கு. வார்த்தை மாறாம படிக்கணும்னு சொல்லியிருக்காங்க. நான் படிக்கறவன் மட்டும்தான், திரும்பி வந்து என்னை அடிக்காதே."

"படி."

"‘ஆப்பிளை வெட்டலை. கத்தி மேஜை மேலயே இருக்கு. உனக்கு வச்ச தட்டைக் கழுவிக் கவுத்தியாச்சு. திருப்பிச் சொல்லு.’ கடைசி வார்த்தையும் அவங்களோடதுதான். நான் சேர்க்கலை."

லைல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஸ் தன் பூட்ஸைப் பார்த்தான். வெளியூரில் இருக்கிறவனுக்கும் அந்த ராத்திரி ஒரு தட்டு வைப்பது அல்பீனா வீட்டு வழக்கம். கொரியாப் போரில் அவள் அண்ணன் இருந்தபோது வைத்தார்கள். வெர்ன் கடற்படையில் கப்பல் கப்பலாக இருந்த வருஷங்களில் வைத்தார்கள். அவன் வராமல் போன கிறிஸ்துமஸ்கள் நிறைய. தட்டு வராமல் போனதில்லை.

வெர்ன் பொத்தானை அழுத்தினான். உலகம் கேட்கட்டும், என்ன செய்வது.

"ஆப்பிளை வெட்டலை. கத்தி மேஜை மேலயே இருக்கு. தட்டைக்... எனக்கு வச்ச தட்டைக் கழுவிக் கவுத்தியாச்சு."

அவன் காத்திருந்தான். வழக்கமான வார்த்தை வரவில்லை.

"சரியா, மெர்ல்?"

"அதை நான் சொல்லக் கூடாதாம். சரியா தப்பான்னு தானே சொல்லிக்கிறதா சொல்லச் சொன்னாங்க." மெர்லின் குரலில் அவஸ்தை தெரிந்தது. "பேச்சு அறுந்துபோக ஒரு நிமிஷம்கூட இல்லை. என்ஜின் நல்லபடியா எரியட்டும், பசங்களா. அந்தப் பக்கம் பார்க்கலாம்."

வெர்னுக்கு அப்போது யோசனை எதுவும் ஓடவில்லை. ஓடியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான். மேஜை, கத்தி, கவிழ்த்த தட்டு, அவ்வளவுதான் கண் முன்னால் இருந்தது.

"மெர்ல், பெரியவர் பக்கத்துல இருந்தா சொல்லு. அடுத்த பயணத்துல என் பேரை..."

காதில் கரகரவென்று மணல் கொட்டுகிற சத்தம். பூமி போய்விட்டது.

"...எடுத்துடச் சொல்லு" என்று அவன் சொன்னதை லைலும் ரஸ்ஸும் மட்டும் கேட்டார்கள்.

அப்புறம் வேலை இருந்தது. அதைக் கெடுக்காமல் செய்தான், அந்த மட்டுக்கும் அவனைக் குறை சொல்ல முடியாது. எண்ணைத் தட்டி, நட்சத்திரத்தைச் சரிபார்த்து, ஒருமுறைக்கு இருமுறை படித்துக் காட்டினான். என்ஜின் எரிவதற்குக் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. லைல் தன் ஜன்னலை விட்டு நகர்ந்தார்.

"வா. வந்து பாரு."

"எதுக்கு?"

"நீ சொன்னது நிஜமானா, இவ்வளவு பக்கத்துல இனிமே உனக்குக் கிடைக்காது."

வெர்ன் ஜன்னலில் முகத்தை வைத்தான். ஐந்து நாளில் முதல் முறையாகக் கண்ணாடிக் குழாய் இல்லாமல், எண் இல்லாமல் பார்த்தான். மலைகளின் ஒருபக்கம் வெயில், மறுபக்கம் மை. ஒரு பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம், அதன் விளிம்பில் சறுக்கிக் கிடக்கிற பாறைகள். இறங்கி நடக்கலாம் போல இருந்தது. சின்ன வயதில் நெப்ராஸ்காவில் வைக்கோல் போர்மேல் படுத்துப் பார்த்த அதே நிலா. ஊரில் ஒரு பயலும் நம்பாதபோதும் அதில் நடப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். உடம்பு முழுக்க ஆசையாக இருந்தது. வெட்கமே இல்லாமல், பசி மாதிரி. தான் சொன்ன அந்த வார்த்தையை யாராவது பிடுங்கி எறிந்துவிட மாட்டார்களா என்று இருந்தது.

என்ஜின் எரிந்தது. முதுகை இருக்கையில் வைத்து அழுத்தியது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. லைல் நீளமாக மூச்சு விட்டார்.

"வீட்டுக்குப் போறோம்" என்றார். பிறகு வெர்னைப் பார்க்காமலே பேசினார். "நீ சொன்னதுல பாதிதான் போயிருக்கும். ‘என் பேரை’ங்கறது வரைக்கும். அதுக்கு அப்புறம் எதை வேணாலும் ஒட்டிக்கலாம். என் பேரை மறந்துடாதீங்கன்னு சொல்லு, போதும். நான் எதையும் கேட்கலை."

வெர்ன் அவரை நிமிர்ந்து பார்த்தான். திட்டத்தில் இல்லாத ஒரு ஜிகினா மரத்தை அனுமதிக்காத மனுஷன்.

"தம்பி?" என்றார் லைல்.

"நான் தூங்கிட்டிருந்தேன் பாஸ்" என்றான் ரஸ்.

நிலாவின் விளிம்பிலிருந்து கப்பல் வெளியே வந்தது. கரகரப்பு நின்றது. மெர்ல் கூப்பிட்டான், லைல் பதில் சொன்னார், என்ஜின் நல்லபடியாக எரிந்தது என்றார். அங்கே ஒரு கூடம் நிறைய ஆண்கள் கத்துவது மெர்லின் மைக் வழியாகக் கேட்டது.

சத்தம் அடங்கியதும் மெர்ல், "வெர்ன், போறதுக்கு முன்னாடி ஏதோ சொல்லிக்கிட்டிருந்தே. ‘அடுத்த பயணத்துல என் பேரை’ன்னு வந்துச்சு, அப்புறம் அறுந்துடுச்சு. பெரியவர் பக்கத்துலதான் நிக்கிறார். திருப்பிச் சொல்லு" என்றான்.

நல்ல வார்த்தைதான், பழகின வார்த்தைதான். வெர்னுக்கு அந்த நேரம் அந்த இரண்டு சொல்லைக் கண்டுபிடித்தவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. ஒரு தடவை சூடாக இருக்கும்போது சொல்லியாயிற்று. அது போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு நொடி முன்னால் வாயைத் திறந்திருக்கக் கூடாதா? இப்போது ஆற அமர, நிலாவைப் பார்த்துவிட்டு, தெளிந்த புத்தியோடு, அதே வார்த்தையை மறுபடி சொல்ல வேண்டும்.

ஜன்னலில் நிலா சிறியதாகிக்கொண்டிருந்தது. அங்கே கூடத்தில் பெட்டி பேசிக்கொண்டிருக்கும். பாதி வாக்கியத்தை அல்பீனாவும் கேட்டிருப்பாள். மீதிப் பாதி ‘மறந்துடாதீங்க’ என்றுதான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம் இருக்கும். அவனைத் தெரிந்தவள், அவள் எண்ணம் இதுவரை தப்பாகப் போனதில்லை. அதை நினைத்ததும் அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. பத்து வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் எண்ணம் தப்பாகப் போகட்டுமே.

"அடுத்த பயணத்துல என் பேரை எடுத்துடச் சொல்லு."

போக ஒரு நொடி, வர ஒரு நொடி. இந்தத் தடவை அதற்கும் மேல்.

"சரிபார்க்கறதுக்காகத் திருப்பிச் சொல்றேன்" என்றான் மெர்ல் மெதுவாக. அவனும் ஒரு விண்வெளி வீரன், தான் என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். "இறங்குற பயணத்துலேர்ந்து வெர்ன் கெஸ்லர் பேரை எடுத்துடணும். சரிதானா?"

வெர்ன் பொத்தானை விட்டுவிட்டு, "தூக்குல போடறவன்கூட ஒரு தடவைதான்டா போடுவான்!" என்று கத்தினான். லைல் அவன் தோளில் கை வைத்தார். வெர்ன் மறுபடி பொத்தானை அழுத்தினான்.

"திருப்பிச் சொன்னது சரி" என்றான்.

அதன் பிறகு ஹூஸ்டன் வானிலை சொன்னது, கால்பந்தாட்ட முடிவு சொன்னது. வெர்ன் எதையும் காதில் வாங்கவில்லை. ரஸ் ஜிகினா மரத்தை எடுத்து ஜன்னலோரம் ஒட்டினான். லைல் பார்த்தார், வேலைத் திட்டத்தைக் கேட்கவில்லை. இருந்த ஒரே விருந்தாக அந்த ஓட்டுக் கேக்கை மூன்று பேரும் மென்றார்கள்.

மெர்லின் முறை முடிகிற நேரத்தில்தான் அவன் மறுபடி கூப்பிட்டான்.

"வெர்ன், உன் வீட்டுலேர்ந்து. படிக்கிறேன். ‘திருப்பிச் சொன்னது சரி.’" காகிதம் திரும்புகிற சத்தம். "இன்னும் இருக்கு. ‘ஆப்பிளை ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். நீ வந்து வெட்டு. புழு இல்லாததாப் பார்த்துத்தான் எடுத்திருக்கேன்.’ அவ்வளவுதான். இதை நீ திருப்பிச் சொல்ல வேணாம்னும் சொன்னாங்க."

"கேட்டாச்சு" என்றான் வெர்ன்.

பிறகு மைக் பொத்தானைப் பார்த்தான். மூடியிருந்தது. விரலை வைத்துத் தடவி இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டான். அது மூடித்தான் இருக்கிறது என்று நிச்சயமானதும், இனி ஒருநாளும் தான் கால் வைக்கப் போகாத அந்த நிலாவுக்காக வாய்விட்டு அழுதான்.